காலி வண்டி

ஜூன் 30, திங்கள்

பரக்கத் இந்த டைரியை என் கையில் திணித்தாள். அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு எந்த மருந்துக் கம்பெனிக்காரனோ கொடுத்தது. பாதி வருடம் ஏற்கெனவே வீணாய்ப் போன டைரி. "வாயத் தொறந்தா திட்டுதான் வருது. பிள்ளைங்க பக்கத்துல வரவே பயப்படுதுங்க. கோவத்தை இதுல கொட்டிட்டு வந்து சோறு தின்னுங்க" என்றாள். பெண்டாட்டி சொல்லிவிட்டாள், கொட்டுகிறேன்.

முதல் பக்கத்தில் பெயர், தொழில், ரத்த வகை எல்லாம் கேட்டிருக்கிறான். பெயர் இலியாஸ். தொழில் டாக்சி ஓட்டுவது, ஆப்பில். ரத்தம் இப்போதைக்குக் கொதிக்கிற வகை.

போன வியாழக்கிழமை என் அண்ணன் தாவூத் மௌத்தாகிவிட்டார். நான் பல்லாவரம் கபர்ஸ்தானுக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். கூடப்பிறந்தவன் ஒரே ஆள் நான். என் கையால் மூன்று பிடி மண் போடவில்லை. ஊரார் போட்டார்கள், தெருக்காரர்கள் போட்டார்கள், அண்ணனிடம் ஒருநாளும் முகம் கொடுத்துப் பேசாத பக்கத்துக் கடைக்காரர்கூடப் போட்டார்.

அதற்குக் காரணம் ஒருவன். ஆப்பில் அவன் பெயர் பிரணவ் என்று வந்தது. நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு முன்னால் அவனுக்கு நான் யாரென்று காட்டாவிட்டால் அண்ணன் வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன்.

ஜூலை 1, செவ்வாய்

நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். நாளைக்கு யாரும் நான் இட்டுக்கட்டிப் பேசுகிறேன் என்று சொல்லக்கூடாது.

அன்று ஸ்ரீபெரும்புதூரில் ஒரு குடும்பத்தை இறக்கியபோது செய்தி வந்தது. சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் அடக்கம் என்றார்கள். பரக்கத்தும் பிள்ளைகளும் போரூர் வீட்டிலிருந்து முன்னாலேயே கிளம்பிவிட்டார்கள். நானும் கிளம்பினேன். போரூர் தாண்டித்தான் பல்லாவரம் போகவேண்டும். ஆப்பில் ஒரு வசதி உண்டு. நாம் போகிற ஊரைப் போட்டுவிட்டால் அதே வழியில் போகிற சவாரியாகப் பார்த்துக் கொடுப்பான் ஆப்காரன். எல்லா டிரைவரும் வீட்டுக்குத் திரும்பும்போது அதைப் போட்டுக்கொள்வோம். நானும் போட்டேன். கை தானாகவே போகும். டீசலை எரித்துக்கொண்டு காலி வண்டியாகவா போவார்கள்?

போரூரில் ஒரு பெரிய குடியிருப்பு, பம்மலுக்குச் சவாரி. பல்லாவரத்துக்குப் பக்கம்தான். சிக்னலில் நிற்கும்போதே 'வந்துவிட்டேன்' பட்டனை அழுத்தினேன். எல்லோரும் அப்படித்தான் அழுத்துவோம். அழுத்தினால்தான் கடிகாரம் ஓடும். முதல் ஐந்து நிமிடம் தர்மக் காத்திருப்பு. அதற்குப் பிறகு நிமிடத்துக்கு ஒன்றரை ரூபாய் தருவான் மகாராசன். ஆனால் அவன் வரைபடத்தில் புள்ளி குத்திய இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் இருக்கிறது. வண்டி அந்த வட்டத்தைத் தாண்டினால் கடிகாரம் நின்றுவிடும். காத்திருந்ததெல்லாம் போச்சு.

புள்ளி பின் கேட்டில் இருந்தது. அங்கேயே, டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் நின்றேன். அந்த பிரணவ் வரவில்லை. ஐந்து நிமிடம் போயிற்று. பத்து போயிற்று. அண்ணன் மகன் ரியாஸ் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தான். "சின்னத்தா, எங்க இருக்கீங்க?" "வந்துட்டேன்டா, ஹஜ்ரத்துகிட்டச் சொல்லு." அதை வைத்தால் பள்ளிவாசல் செக்ரட்டரி. அவரை வைத்தால் மறுபடி ரியாஸ். ஒரு நிமிடம்கூடப் போன் ஓயவில்லை. இவன் வந்தபாடில்லை. இருபது நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

கடைசியில் ஓடிவந்தான். உடம்பெல்லாம் வேர்வை, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. லிஃப்டில் இறங்கி வருகிறவனுக்கு என்ன வேர்வை? நடிப்பு. "சாரிண்ணா, சாரிண்ணா" என்றான், பம்மலில் இறங்குகிற வரைக்கும். தப்பு தன் மேல் இல்லையென்றால் எதற்கு சாரி?

ஜூலை 3, வியாழன்

பரக்கத் காலையில் இட்லி வைத்துக்கொண்டே கேட்டாள்: "அன்னிக்குக் கேன்சல் பண்ணிட்டுப் போயிருக்கலாம்ல?"

இவளுக்கு என்ன தெரியும்? கேன்சல் செய்தால் அந்த வழிச்சவாரி வசதி அன்றைக்கு மறுபடி கிடைக்காது. அத்தனை நேரம் நின்றதும் போய், சவாரியும் போய், வெறுங்கையோடு கிளம்ப நான் என்ன இளிச்சவாயனா? அவன் இதோ வருவான், அதோ வருவான் என்றுதான் ஒவ்வொரு நிமிடமும் இருந்தது. அதுவும் கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டால் விட்டுவிட்டுப் போக எந்த டிரைவருக்கும் மனசு வராது.

இட்லியைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

ஜூலை 5, சனி

வேலையை ஆரம்பித்துவிட்டேன். ஆப்பில் ஆளைத் தேர்ந்தெடுத்து ஏற்ற முடியாது. பக்கத்தில் எந்த வண்டி இருக்கிறதோ அதற்குத்தான் சவாரி விழும். ஆகவே தினமும் மதியம் அந்தக் குடியிருப்புக்கு எதிரில் இருக்கிற டீக்கடையில் வண்டியைப் போடப்போகிறேன். அவன் மதியத்துக்கு மேல்தான் வேலைக்குப் போகிறவன். என்றாவது ஒருநாள் என் கையில் விழுவான். அன்றைக்கு இருக்கிறது அவனுக்கு.

ஜூலை 8, செவ்வாய்

மூன்று மணியிலிருந்து நின்றேன். விழவில்லை.

வண்டிக்கு ஆயில் மாற்ற வேண்டும். பின் சக்கரத்தில் ஏதோ சத்தம். பார்க்க நேரமில்லை.

ஜூலை 9, புதன்

இன்று அவனைக் கண்ணால் பார்த்தேன். முன் கேட்டில் நின்றுகொண்டிருந்தான். தோளில் பை, காதில் வயர். அவன் வந்து நின்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் வேறொரு வண்டி வந்தது. ஏறிப் போய்விட்டான். எவனோ ஒரு டிரைவருக்கு மட்டும் கரெக்டாக இறங்கி வந்து நிற்கத் தெரிகிறது துரைக்கு. என் வண்டி என்றால் மட்டும் இளப்பம்.

ஜூலை 14, திங்கள்

டீக்கடையில் துரைக்கண்ணு என்று ஒருவன் பழக்கமானான். அவனும் ஆப்பில்தான் ஓட்டுகிறான், திருவண்ணாமலைப் பக்கத்துக்காரன். கதையை முழுக்கக் கேட்டுவிட்டு உச்சுக் கொட்டினான். பழிவாங்க வழியும் அவன்தான் சொன்னான்.

"ரொம்ப ஈஸி தலைவரே. புள்ளி வச்ச எடத்துல போய் நில்லு. போன எடுக்காத. டைம் முடிஞ்சதும் 'ஆள் வரல'ன்னு அடிச்சு விடு. தண்டக் காசு அவன் தலையில விழும். உனக்கும் வரும். யாரும் உன்ன ஒண்ணும் கேக்க முடியாது, ரூல்படி நீ நின்னுட்ட."

ரூல்படி. அது எனக்குப் பிடித்திருந்தது. அன்றைக்கு என்னையும் ரூல்தானே மண் போட விடாமல் அங்கே கட்டிப் போட்டது.

அப்புறம் டீ கிளாஸைக் கழுவி வைத்துக்கொண்டே துரைக்கண்ணு கேட்டான்: "ஆமா, நீ பத்து நாளா அவனுக்காக இங்க நிக்கிறியே, இந்த வெயிட்டிங்குக்கு எவன் காசு குடுப்பான்?"

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

ஜூலை 17, வியாழன்

இன்று மழை. அந்தக் குடியிருப்பிலிருந்து ஒரு பாட்டியம்மாவின் சவாரி விழுந்துவிட்டது. வேண்டாம் என்று தள்ளினால் ரேட்டிங் போகும். ஏற்றிக்கொண்டு வடபழனி போய் வந்தேன். திரும்பி வருவதற்குள் அவன் போய்விட்டான்.

முன் கேட் செக்யூரிட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன். முனிரத்தினம் என்று பெயர், வயதானவர். எந்த வீட்டில் யார் என்று விரல் நுனியில் வைத்திருக்கிறார். பிரணவ் மூன்றாம் மாடியில் வேறு இரண்டு பையன்களோடு தங்கியிருக்கிறானாம். "அந்தப் பையனா, நல்ல பையனாச்சே. கரெக்டா மூணரைக்கு எறங்கிருவான். அவன பாத்துத்தான் நான் டீ குடிக்கப் போவேன்" என்றார்.

நல்ல பையனாம். என்னைக் கேட்டால் தெரியும்.

ஜூலை 20, ஞாயிறு

அண்ணி போன் செய்தார். ஆகஸ்ட் நாலாம் தேதி நாற்பதாம் பாத்திஹா, முந்தின நாளே வந்துவிடச் சொன்னார். சட்டி பெரியதாக எடுக்க வேண்டும், நீங்கள் வந்தால்தான் சரியாக இருக்கும் என்றார். குரலில் ஒன்றும் இல்லை. கோபமாகக் கேட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

பெருநாளைக்கு நாங்கள் அண்ணன் வீட்டுக்குத்தான் போவோம். நான் போய்ச் சேராமல் பிரியாணிச் சட்டியைத் திறக்க விடமாட்டார் அந்த மனுசன். ஒரு வருடம் ஏர்போர்ட் சவாரி ஒன்று மாட்டி மூன்று மணி நேரம் தாமதமாகப் போனேன். பிள்ளைகள் பசியில் அழுதிருக்கிறார்கள். அண்ணி திட்டியிருக்கிறார். அப்போதும் மூடி மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். "என்னடா தம்பி, கூட்டமா ரோட்டுல?" என்றுதான் கேட்டார்.

ரியாஸ் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் போன் செய்தால் அவன் அம்மாவிடம் கொடுத்துவிடுகிறான். அவனுக்கும் சேர்த்துத்தான் இந்த பிரணவுக்குக் காட்டப்போகிறேன்.

ஜூலை 23, புதன்

துரைக்கண்ணு இன்று ஒன்று சொன்னான். இந்தக் குடியிருப்பின் பெயரைத் தட்டினால் ஆப் தானாகவே பின் கேட்டில்தான் புள்ளி வைக்குமாம். எல்லோருக்கும் அப்படித்தானாம். "பின் கேட்டு பூட்டி ரெண்டு வருசமாச்சு தலைவரே. சனங்க எல்லாம் முன்னாடிதான் நிப்பாங்க. டிரைவருக்குப் போன் போட்டு முன்னாடி வரச் சொல்லுவாங்க. சுத்தி வர ரெண்டு தெரு."

இருக்கட்டும். அதற்கு நான் என்ன செய்வது? புள்ளி எங்கேயோ அங்கேதான் டிரைவர் நிற்பான். முன் கேட்டுக்குப் போனால் வட்டம் தாண்டிவிடும், கடிகாரம் நின்றுவிடும். அவன் நடந்து வந்திருக்கலாம். அல்லது போன் செய்திருக்கலாம்.

செய்யவில்லையே அவன்.

ஜூலை 24, வியாழன்

இரவெல்லாம் தூக்கம் இல்லை. பரக்கத் பி.பி. மாத்திரையை எடுத்து வைத்துவிட்டு, "நாளைக்காவது வண்டிய வேற பக்கம் ஓட்டுங்க" என்றாள். இவள் என்னை எங்கே பார்த்தாள்? அவள் கடைக்கு வருகிற ஏதோ ஒருத்தி போட்டுக்கொடுத்திருக்கிறாள்.

ஜூலை 28, திங்கள்

இன்றைக்கு எனக்கு நல்ல நாள். முனிரத்தினம் தானாகவே சொன்னார்: அந்தப் பையன் வருகிற புதன்கிழமை ஊருக்குப் போகிறான். வியாழக்கிழமை காலையில் அவன் தங்கச்சிக்கு நிச்சயம். தாம்பரத்திலிருந்து சாயங்கால ரயில்.

ரயில் காத்திருக்காது. அடக்கத்துக்கு எடுத்த ஜனாஸா மாதிரி.

துரைக்கண்ணுவிடம் பேசிவிட்டேன். அன்றைக்கு அவன் ஆப்பை அணைத்துவிட்டுத் தள்ளிப் போய்விடுவான். பக்கத்தில் என் வண்டி ஒன்றுதான் இருக்கும். அண்ணனுக்கு எப்படி நடந்ததோ அதே மாதிரி, அதே பின் கேட்டில், அதே டிரான்ஸ்பார்மர் பக்கத்தில். ஒன்றைக்கூட மாற்றப்போவதில்லை.

ஜூலை 29, செவ்வாய்

வண்டியைக் கழுவினேன். சீட் உறை மாற்றினேன். பெண்டாட்டி ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

ஜூலை 30, புதன்

முடித்துவிட்டேன்.

விழுந்தது. பெயர் பிரணவ், தாம்பரம் ரயில் நிலையம். உடனே ஏற்றுக்கொண்டேன். அன்று போலவே சிக்னலில் பட்டனை அழுத்தினேன். பின் கேட்டில் போய் நின்றேன். போனை சத்தமில்லாமல் வைத்தேன். கடிகாரம் ஓடியது. ஐந்து நிமிடத்துக்கு மேல் என்று திரையில் வந்ததும் போன் டாஷ்போர்டில் நடுங்க ஆரம்பித்தது. எடுக்கவில்லை. மறுபடி நடுங்கியது. எடுக்கவில்லை. பின் கேட் பூட்டில் துரு ஏறியிருந்தது. கம்பியில் ஏதோ கொடி படர்ந்திருந்தது. அன்றைக்கு அதை நான் கவனிக்கவில்லை.

நேரம் முடிந்ததும் 'ஆள் வரவில்லை' என்று அடித்தேன். அடித்த கையோடு வண்டியை எடுத்துக்கொண்டு இரண்டு தெரு சுற்றி முன் கேட்டுக்குப் போனேன். அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் எனக்கு. அதற்காகத்தானே ஒரு மாதம் நாயாக நின்றேன்.

பெரிய பெட்டி ஒன்று, பட்டுப்புடவைக் கடைப் பை இரண்டு. நடுவில் நின்றுகொண்டிருந்தான். சட்டை முழுக்க வேர்வை. ஆடி மாத வெயில், அங்கே ஒரு நிழல் கிடையாது. போனைக் காதில் வைத்துக்கொண்டு ரோட்டின் இரண்டு பக்கமும் எட்டி எட்டிப் பார்த்தான். அவன் காதில் போன் இருந்த நேரம் முழுவதும் என் டாஷ்போர்டில் போன் நடுங்கியது. என் வண்டியையும் பார்த்தான். அடையாளம் தெரியவில்லை போல. வண்டி நம்பரைப் பார்ப்பதற்குள் தாண்டிவிட்டேன்.

நன்றாக வேண்டும் அவனுக்கு. இன்று சோறு நன்றாக இறங்கியது.

இரண்டாவது தடவை எழுதுகிறேன்: நன்றாக வேண்டும்.

ஜூலை 31, வியாழன்

எதற்குப் போனேன் என்று தெரியவில்லை. போனேன். முனிரத்தினம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"அந்தத் தம்பிக்கு வண்டி கெடச்சுதாண்ணே?" என்று சும்மா கேட்பது போலக் கேட்டேன்.

"எங்க கெடச்சுது. எவனோ ஒரு பாவி பின்னாடியே நின்னுட்டு போனே எடுக்கலயாம். ரயிலு போச்சு. ராத்திரி பஸ்ஸுல நின்னுக்கிட்டே போயிருக்கான். நிச்சயத்துக்குப் போய்ச் சேந்தானோ என்னமோ. நல்லா வாயாரத் திட்டிட்டுப் போனான்."

"திட்டட்டும்."

"அவனுக்கு இது ரெண்டாவது தடவ, பாரேன். போன மாசமும் இதே கூத்து. இதோ, இந்த எடத்துல வெயில்ல நின்னு நின்னு போன் போடுறான், போடுறான், டிரைவர் லைனு பிசியாவே இருக்குது. அந்தாளு யாருகிட்டயோ பேசிக்கிட்டே இருந்திருக்கான். கடைசில நான்தான் சொன்னேன், பின்னாடி ஏதோ வண்டி நிக்குதுப்பா, ஓடிப் போய்ப் பாருன்னு. ரெண்டு தெரு ஓடினான்."

அவர் இன்னும் ஏதோ சொன்னார். நான் கேட்கவில்லை. வண்டியில் வந்து உட்கார்ந்தேன். போன மாதம் யார் யார் கூப்பிட்டார்கள் என்ற விவரமெல்லாம் போனில் இருக்கும். பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

பார்த்தேன்.

ஜூன் இருபத்தாறு. ரியாஸ், செக்ரட்டரி, ரியாஸ், ரியாஸ். நடுவில் நடுவில் ஆப்பிலிருந்து வருகிற அந்த நீள நம்பர். எடுக்காத அழைப்பு என்று சிவப்பில். ஏழு தடவை.

ஆகஸ்ட் 2, சனி

பரக்கத்திடம் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. டைரியை இவள் படிக்கிறாளோ என்று சந்தேகமாக இருக்கிறது. படித்தால் படிக்கட்டும்.

இன்னும் கோபம்தான் வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. பூட்டிய கேட்டில் புள்ளி வைத்தவனை விடலாமா? நான் நிற்கிற இடத்தை அவன் சொல்வான், என் நேரத்துக்கு விலையையும் அவனே சொல்வான். அவனை எந்தக் கேட்டில் போய்ப் பிடிப்பது? ஆப்பில் புகார் எழுத ஒரு பெட்டி உண்டு. திறந்தேன். உங்கள் பிரச்சினையைத் தேர்ந்தெடுங்கள் என்றது. என் பிரச்சினை அதில் இல்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

நேற்றே பல்லாவரம் வந்துவிட்டோம். வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் தயங்கினேன். அண்ணி, "உள்ள வாங்க தம்பி" என்றார்.

காலையில் பாத்திஹா முடிந்தது. சட்டி திறக்கிற நேரம், அண்ணி கரண்டியை என் கையில் கொடுத்தார். முடியவில்லை என்று ரியாஸிடம் கொடுத்துவிட்டேன். அவன் வாங்கிக்கொண்டான், என் முகத்தைப் பார்க்கவில்லை.

மதியம் ஜியாரத்துக்கு கபர்ஸ்தான் போனோம். மற்றவர்கள் துவா ஓதிவிட்டு வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார்கள். நானும் ரியாஸும் மட்டும் நின்றோம். நாற்பது நாளில் கபர் மண் இறுகிவிட்டது. மேலே ஏதோ புல் முளைத்திருந்தது. குனிந்து ஒரு பிடி அள்ளப் பார்த்தேன். வரவில்லை. நகத்தால் சுரண்டத்தான் வந்தது.

"விடுங்க சின்னத்தா" என்றான். நாற்பது நாளில் முதல் வார்த்தை.

"நான் வந்துட்டேன்டா ரியாசு. பக்கத்துலதான்டா இருந்தேன். ஒரு சவாரி..."

"தெரியும். சின்னம்மா சொன்னாங்க."

பிறகு கபரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அத்தாவ உள்ள எறக்கிட்டோம். பலகை வச்சு மூடணும். நான் மூட விடல. சின்னத்தா வந்துருவாரு, ஒரே தம்பி, மொகத்தப் பாக்கணும்னு சொன்னேன். எல்லாரும் பலகையக் கையில வச்சுக்கிட்டே நின்னாங்க. ஹஜ்ரத் கேட்டாரு, வந்துக்கிட்டே இருக்காருன்னேன். மறுபடியும் கேட்டாரு. மறுபடியும் அதையேதான் சொன்னேன். அப்பறம் மானம் இருட்டிக்கிட்டு வந்துச்சு. மழை விழுந்தா தண்ணி உள்ள எறங்கிரும்னாங்க. அதுக்கு மேல என்னால ஒண்ணும் சொல்ல முடியல."

அண்ணன் திறந்த குழிக்குள் கிடந்திருக்கிறார். சட்டி மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனுசன்.

"எவ்வளவு நேரம்டா நின்னீங்க?" என்று கேட்டேன். வாயிலிருந்து அதுதான் வந்தது. தொழில் புத்தி.

"யாரு மணி பாத்தா, சின்னத்தா" என்றான்.

பரக்கத்தும் பிள்ளைகளும் இரண்டு நாள் இருந்துவிட்டு வருகிறார்கள். நான் மட்டும் சாயங்காலம் கிளம்பினேன். வண்டியில் ஏறியதும் கை தானாக ஆப்புக்குப் போனது. போகிற ஊரைப் போடு என்று கேட்டது. போனை அணைத்து, முன் பெட்டியில் போட்டு மூடினேன். பல்லாவரத்திலிருந்து போரூர் வரைக்கும் காலி வண்டியாக வந்தேன்.